பட்டாளத்து மாமாக்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்து முன்னாள் படைவீரர்களுக்கு, வணக்கம்.

1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை அங்கே பொதுமக்களைச் சுட்ட விஷயத்தை இனி யாரும் கிளறக் கூடாது, முன்னாள் படைவீரர்களைத் தள்ளாத வயசில் கோர்ட்டுக்கு இழுப்பது பாவம் என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இதை மறுக்கிறேன்.

என் சித்தப்பா 1987-இல் யாழ்ப்பாணம் போனவர். ஹவில்தார். இப்போது 76 வயது. தீபாவளியன்று விடியுமுன்பே குளத்தங்கரைக்குப் போய்விடுவார். வெடிச்சத்தம் அடங்கிய பிறகுதான் வீடு திரும்புவார். போன வருஷம் இட்லி கொண்டுபோனேன். தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. "ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பா கெடந்துது மக்கா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

1987 அக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படை நுழைந்து சுட்டது. உள்ளேயிருந்து விடுதலைப் புலிகள் சுட்டார்கள் என்றது ராணுவம். செத்தவர்களில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் இருந்தார்கள். 60 பேருக்கு மேல். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் நம் படை பொதுமக்களைச் சுட்டது. நம் பக்கமும் ஏறத்தாழ 1,200 ஜவான்கள் போனார்கள், அந்தத் துக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த மருத்துவமனைக்குள் சுடச் சொன்னது யார்? 38 வருஷம் ஆகியும் எந்த நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

ராணுவச் சட்டத்தின் 122-ஆம் பிரிவுப்படி, பெரும்பாலான குற்றங்களுக்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணை, நடத்த முடியாது. அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. சாதாரணச் சட்டத்தில் கொலைக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் வெளிநாட்டில் நடந்ததற்கு மத்திய அரசு அனுமதி தந்தால்தான் வழக்கு நகரும்.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீசாரும் மலைவாழ் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது 1992-இல், தீர்ப்பு வந்தது 2011-இல். 269 பேர்மீது வழக்கு. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதிப் பேரில் வயசானவர்களும் இருந்தார்கள். அந்தப் பெண்களிடம் போய், பாவம், விட்டுவிடுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

தாமதம் யாருக்கும் நல்லதில்லை. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1972-இல் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு ஒரே நாளில் 13 பேர் செத்தார்கள். அதில் ஒரு முன்னாள் சிப்பாய்மீதான வழக்கு 2025-இல்தான் முடிந்தது. சாட்சியம் போதவில்லை என்று விடுதலை. செத்தவர் வீட்டுக்கும் விடை இல்லை, அந்தச் சிப்பாய்க்கும் நிம்மதி இருந்திருக்காது.

சரி, என்ன செய்யலாம்? விசாரணைக் கமிஷன் வேண்டும், ஃபைல்களை வெளியிட வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நீங்களே எழுதுங்கள். முதலில் ஆர்டர் போட்ட அதிகாரிகளைக் கேட்கட்டும். தானாக வந்து உண்மையைச் சொல்லும் ஜவானுக்குத் தண்டனையைக் குறைக்கட்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஜெயிலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். வழக்கே கூடாது என்பதற்கு மட்டும் வயசைக் காட்டாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். கேட்டால் சொல்கிறேன் என்கிறார் சித்தப்பா. நானே பைக்கில் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் பிள்ளை,
திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து