மனுவுக்காகக் காத்திருக்கும் உதவி நிதி: சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயர் அவர்களுக்கும் சபைக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம். வீடு சந்திப்பு ஊழியத்தில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

உதவி நிதியில் பணம் இருக்கிறது. முடையில் தவிக்கும் குடும்பங்களும் சபையில் இருக்கின்றன. மனு எழுதி, மூப்பரிடம் கையெழுத்து வாங்கி, மாதக் கூட்டம்வரை காத்திருக்கச் சொல்லும் நடைமுறைதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வேலை இழந்தவர் மனு எழுத மாட்டார். காணிக்கை போட முடியாத கூச்சத்தில் கடைசி வரிசைக்குப் போவார், பிறகு ஆராதனைக்கே வர மாட்டார். நாமோ ‘விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்’ என்று முடித்துவிடுகிறோம்!

எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, பொறுப்பேற்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6). ஸ்தேவான், பிலிப்பு முதல் நிக்கொலா வரை ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பையே பொறுப்பில் வைத்ததாகத்தான் தெரிகிறது. நம் நிதிக் குழுவில் விதவை ஒருவரும் இல்லை, கூலி வேலை செய்பவரும் இல்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்தது சந்திப்பு. பத்து வீட்டுக்கு இரண்டு பேர் போதும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகவேண்டும், இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக்கூடாது. ‘ஏதாவது தேவையா?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது, வாடகை எந்தத் தேதி, நோயாளியை இரவில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு தானாக வரும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள். தப்பெல்லாம் பேச ஆரம்பித்த பிறகுதான். ‘கர்த்தருடைய சித்தம்’ என்ற சொல்லைத் துக்க வீட்டில் நாம் எடுக்கவே வேண்டாம்.

துக்க வீட்டில் நடக்கும் பெரிய பிசகு இன்னொன்று. முதல் வாரம் சாப்பாடு குவிந்து வீணாகிறது, ஐந்தாம் வாரம் ஒருவரும் வருவதில்லை. சாப்பாட்டுப் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு வேளை, பிறகு வாரம் இரண்டு நாள் என மூன்று மாதத்துக்கு அவர் பிரித்துக் கொடுக்கட்டும். வங்கிக் கணக்கு மாற்றம், இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுத் தொகை போன்றவற்றுக்கு விவரம் தெரிந்த ஒருவர் கூடவே அலைவது பத்து ஜெபக் கூட்டத்துக்குச் சமம்.

பணத்தைக் கடனாகத் தரவேண்டாம். திருப்பித் தர முடியாதவர் கடன் கொடுத்த சபையின் வாசலை மிதிக்கத் தயங்குவார். உபாகமம் 24 அடகு வாங்குகிறவனையே கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கச் சொல்கிறது, அவ்வளவு மரியாதை. ஒரு சிறு தொகைக்கு வரம்பு வைத்து, சந்திப்புக் குழுவின் இரண்டு பேர் கையெழுத்திட்டால் இரண்டு நாளுக்குள் கொடுக்கும்படி செய்யுங்கள். பெரிய தொகையை மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ நேரே கட்டிவிடலாம். கணக்கில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் ஆயரிடமும் தணிக்கையாளரிடமும் மட்டும். பவுலே காணிக்கைப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், பழிச்சொல் வராதபடி சபைகள் தெரிந்தெடுத்தவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). ரகசியம் காப்பதும் கணக்குக் காட்டுவதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

ஜெபக் குறிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘இந்தச் சகோதரிக்காக, அவருடைய கடன் பிரச்சினைக்காக’ என்று ஒலிபெருக்கியில் வாசிப்பது ஜெபமாகத் தொடங்கி வம்பாக முடிகிறது. சம்பந்தப்பட்டவர் சம்மதித்த வார்த்தைகளை மட்டும் வாசியுங்கள். உதவி பெற்றவரைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைப்பதையும், அரிசி மூட்டையோடு படம் எடுப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

வருகிற கூட்டத்தில் மனு முறையை நீக்கவும், நிதிக் குழுவில் இரண்டு இடங்களை விதவை ஒருவருக்கும் கூலி வேலை செய்பவர் ஒருவருக்கும் ஒதுக்கவும் தீர்மானம் வையுங்கள். வீடுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்த பட்டியலை எழுதி வைத்திருக்கிறோம், கேட்டால் தருகிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
வீடு சந்திப்புக் குழுவினர்