பதினெட்டு இரவுகள், ஏழு ஊர்கள்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து காலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. நம் பயணமே உன் முழங்காலை நம்பித்தான் இருக்கிறது. இங்கே திருச்சியில் எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

நீ எழுதி அனுப்பிய பட்டியலைப் பலமுறை படித்தேன். பதினைந்து நாட்களில் எட்டுத் தலைநகரங்கள். உன் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் அந்தத் திட்டத்துக்கு என்னால் உடன்பட முடியவில்லை. 2016-இல் ஒரு சுற்றுலா நிறுவனத்துடன் நாங்கள் இருவரும் பதினோரு நாட்களில் ஏழு நாடுகள் போய்வந்தது உனக்கு நினைவிருக்கும். வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனை வாசலில் எங்களுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். கழிப்பறை வரிசையில் இருபது நிமிடம் போனது. மீதி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினோம். அந்த அரண்மனையைப் பார்த்ததாக இன்றுவரை என் மனைவி யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே இந்த முறை வேறு விதமாக முயன்றேன். சாப்பாட்டு மேசையில் ஐரோப்பிய வரைபடத்தை விரித்து, ஓர் இரவுக்கு ஒன்று என்று பதினெட்டுப் புளியங்கொட்டைகளை எடுத்து ஊர்களின்மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று பெருநகரங்கள், நான்கு சிற்றூர்கள் என்று வந்தது: செக் நாட்டில் பிராகில் நான்கு, செஸ்கி க்ரும்லாவில் இரண்டு; ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட்டில் ஒன்று, வியன்னாவில் நான்கு; ஸ்லோவாக்கியாவில் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சாவில் இரண்டு; ஹங்கேரியில் புடாபெஸ்டில் மூன்று, பாலாடன்ஃபியூரெட்டில் ஒன்று. பதினேழு ஆயிற்று. காப்பி கொண்டுவந்த என் மனைவி சற்று நேரம் பார்த்துவிட்டு, வியன்னாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் க்ரும்லாவில் வைத்தாள். அவள் செய்தது சரி என்றே எனக்கும் படுகிறது.

ஏனென்றால் க்ரும்லாவைப் பகலில் மட்டும் பார்ப்பவர்கள் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். பிராகிலிருந்து காலையில் வரும் சுற்றுலாப் பேருந்துகள் மாலையில் திரும்பிய பிறகுதான் அந்த ஊர் தன் இயல்புக்கு வருகிறது. வல்டாவா ஆறு பாம்புபோல் வளைந்து ஊரை ஏறக்குறைய முழுவதும் சுற்றிக்கொண்டு ஓட, அதற்கு மேலே பாறையில் கோட்டை நிற்கிறது. பிராகின் சார்லஸ் பாலத்துக்கு அடியில் ஓடுவதும் இதே ஆறுதான். 1357-இல் கட்டத் தொடங்கிய அந்தப் பாலத்தில் விடியற்காலையில் நின்றுவிட்டு, அதே நீரை மேல்நோக்கித் தொடர்ந்து சென்று இந்தச் சிற்றூரில் பார்ப்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்காமல் போகுமா? ஓவியர் எகோன் ஷீலேயின் தாய் பிறந்த ஊர் இது. 1911-இல் அவர் இங்கே குடிவந்தபோது ஊரார் அவரது வாழ்க்கைமுறையைப் பொறுக்காமல் வெளியேறச் செய்தார்கள். இன்று அதே ஊரில் அவர் பெயரால் ஒரு கலை மையம் இருக்கிறது.

பிராகில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கமில் சுவெலபில் தமிழ் கற்பித்த சார்லஸ் பல்கலைக்கழகம் அங்கேதான். 1348-இல் நிறுவப்பட்டது. நம் மொழிக்காக அத்தனை ஆண்டுகள் உழைத்த மனிதர் நடமாடிய தெருக்களில் ஒரு மாலை நடந்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஹால்ஷ்டாட் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படங்களில் பார்த்திருப்பாய். ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர், கூட்டம் மிக அதிகம், ஓர் இரவு போதும். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது, ரயிலிலிருந்து இறங்கிப் படகில்தான் ஊருக்குள் போக வேண்டும், கடைசிப் படகு மாலையிலேயே புறப்பட்டுவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஏழாயிரம் ஆண்டு பழமை கொண்ட அதன் உப்புச் சுரங்கத்துக்காகவே அங்கே போகிறோம். அந்த வட்டாரத்தின் உப்பு ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கருவூலத்துக்குப் போன செல்வம். அதைப் பார்த்துவிட்டு வியன்னாவுக்குள் நுழைந்தால்தான் அந்த அரண்மனைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

இதே காரணத்துக்காகத்தான் ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சாவை வலிந்து சேர்த்திருக்கிறேன். உன் பட்டியலில் அந்த நாட்டின் தலைநகரம் மட்டுமே இருந்தது. ஷ்டியாவ்னிட்சா மலைச்சரிவில் அமைந்த பழைய வெள்ளிச் சுரங்க ஊர். 1627-இல் சுரங்கத்துக்குள் வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்த்தார்கள்; ஐரோப்பியச் சுரங்க வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. 1762-இல், ஷோன்புரூனில் கோடைக்காலத்தைக் கழித்த ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசாவின் ஆட்சியில், இங்கே சுரங்கவியல் உயர்கல்விக் கழகம் நிறுவப்பட்டது. ஆனால் நான் உன்னை அங்கே அழைத்துப்போக விரும்புவது ஏரிகளுக்காக. சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இறைக்கும் எந்திரங்களை இயக்க ஆறு எதுவும் அருகில் இல்லாததால், பதினெட்டாம் நூற்றாண்டில் மழைநீரையும் பனி உருகிய நீரையும் மலைச்சரிவுகளில் வாய்க்கால் வெட்டித் திருப்பி, டஜன் கணக்கான ஏரிகளில் தேக்கி, ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் மதகும் கலிங்கும் கரையுமாக வாழ்ந்த நாம் இருவரும் அந்தக் கரைகளின்மேல் நடக்காமல் திரும்பினால் அது பெரிய குறை. நம் ஊர் ஏரிச் சங்கிலிகள் வயலுக்காக, அவர்களுடையவை வெள்ளிக்காக. மண்கரையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க எனக்கு இப்போதே கால்கள் துடிக்கின்றன.

வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஷ்டியாவ்னிட்சாவுக்குப் பேருந்து. ஷ்டியாவ்னிட்சாவிலிருந்து புடாபெஸ்ட் போகும் நாள்தான் சிக்கலானது. நேர் வழி எளிதில் அமையாது. தூரம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான் என்பதால் நால்வரும் சேர்ந்து ஓட்டுநருடன் ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. அன்று சிக்கனம் பார்க்க வேண்டாம். ஹங்கேரியில் கடைசி ஊராக பாலாடன் ஏரிக்கரையில் உள்ள ஃபியூரெட்டை வைத்திருக்கிறேன். 1926-இல் இதய நோய்க்காக அங்கே சிகிச்சை பெற்ற தாகூர் நட்ட லிண்டன் மரமும், அவர் பெயர் கொண்ட ஏரிக்கரை நடைபாதையும் இருக்கின்றன.

இனி நடைமுறை. போகும் விமானம் பிராகுக்கு, திரும்பும் விமானம் புடாபெஸ்டிலிருந்து என்று ஒரே பயணச்சீட்டாக எடுப்போம். தொடங்கிய ஊருக்கே திரும்பினால் ஒரு நாள் வீணாகும். நான்கு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாட்கள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அது செக் நாடு, ஏழு இரவுகள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். உன் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகவில்லையே என்று இன்றே பார்த்துவிடு. பணத்தைப் பொறுத்தவரை ஆஸ்திரியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் யூரோ, செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட்.

உன் வீட்டில் தங்கை சைவம் என்பதால் கவலைப்படுவாய் என்று தெரியும். பிராகில் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். ஸ்லோவாக்கியாவில் உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளை ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு தருவார்கள். மேலே பன்றி இறைச்சி தூவுவது வழக்கம் என்பதால் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஹங்கேரியின் லாங்கோஷ் நம் பூரிக்கு அண்ணன். பூண்டு தடவிச் சுடச்சுடத் தின்னலாம். இருந்தாலும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டாயம் வரும்.

பெட்டி ஆளுக்கு ஒன்று, உன்னால் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏற முடிகிற எடை. இந்தச் சிற்றூர்களின் கல் பதித்த தெருக்களில் சக்கரம் ஓடாது. நவராத்திரி இந்த ஆண்டு அக்டோபரில் வருகிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் புறப்பட்டால் கொலு வைப்பதற்குத் திரும்பிவிடலாம், கோடைக் கூட்டமும் குறைந்திருக்கும்.

பதினெட்டாவது புளியங்கொட்டை இன்னும் மேசையோரத்தில் இருக்கிறது. நான் ஷ்டியாவ்னிட்சாவில் வைக்கச் சொல்கிறேன், என் மனைவி வியன்னாவிலிருந்து எடுத்ததை அங்கேயே திருப்பித் தர வேண்டும் என்கிறாள். தங்கையிடமும் கேட்டுவிட்டு மாசி பிறப்பதற்குள் எழுது; அதுவரை வரைபடத்தை மடிக்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்