சிச்சுவான் மிளகு விதை முளைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த சீன நறுமணப் பொருளான சிச்சுவான் மிளகைக் கடையில் வாங்கி விதைத்தால் செடி வரும் என்ற தோட்டக் குறிப்பு வாசகர்களுக்கு ஏமாற்றத்தையே தரும். சமையலுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் விதை நீக்கிய சிவந்த தோல்தான்; அதில் தப்பி ஒட்டியிருக்கும் பளபளப்பான கருவிதையும் காய்ந்து உயிரற்றுப்போயிருக்கும். எலுமிச்சைச் சொறிநோய்க்கு அஞ்சி 1968 முதல் இறக்குமதியைத் தடுத்த அமெரிக்கா, 2005-இல் சூடேற்றிய சரக்கை மட்டுமே அனுமதித்தது. அத்தகைய விதை முளைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

சீனாவில் நாற்று வளர்ப்போர், நிழலில் உலர்த்திய புதுவிதையைச் சலவைச் சோடா கரைத்த நீரில் நன்கு தேய்த்து, நீரை உள்ளே விடாத எண்ணெய்ப் பசையைப் போக்கி, ஈரமணலில் கலந்து குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, வசந்தத்தில் விதைக்கின்றனர். கறிவேப்பிலையும் இதே குடும்பம்தான் என்றாலும், அதன் விதையைப் பழுத்த உடனேயே ஊன்றிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்