மணி அடித்த பிள்ளைகளுக்கும் கதவு திறந்த வீடுகளுக்கும்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்பான பங்கு மக்களுக்கும், பெற்றோருக்கும், என்னோடு பணியாற்றிய ஆசிரியர்களுக்கும்,

இந்த மே மாதத்தோடு தலைமை ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவு உபசார விழாவில் பேச எழுந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. நான்கு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்ட நன்றியை இப்போது எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கிறது நம் தொடக்கப்பள்ளி. அரசு உதவிபெறும் பள்ளி. கடற்கரைத் தெருப் பிள்ளைகளோடு தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்டோவில் வரும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கத்தோலிக்கர் அல்லர். நான் பொறுப்பேற்ற ஆண்டில் பள்ளிக்கு வந்திருந்த ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாசலில் சிலுவை இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. படங்கள் வாங்கி மாட்டினேன், சுவரெல்லாம் வசனம் எழுதவைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது.

பதிலுக்கு வழி காட்டியவர், பங்கில் மறைக்கல்வி சொல்லித்தரும் நம் உபதேசியார் ஐயா. முதல் நன்றி அவருக்குத்தான். ஒரு மாலையில் பள்ளி விட்ட பிறகு வந்து உட்கார்ந்து, புனித சவேரியாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது, தாய்மொழி பாஸ்க். தமிழ் தெரிந்த நம் ஊர்க்காரர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்தப் பிள்ளைகள் தன்னைச் செபிக்கவும் விடவில்லை, உண்ணவும் விடவில்லை, உறங்கவும் விடவில்லை, இன்னும் ஒரு செபம் சொல்லித் தா என்று பிடித்துக்கொள்கிறார்கள் என்கிறார். நோயாளிகள் அழைத்தபோது தன்னால் எல்லா வீட்டுக்கும் போக முடியாமல், செபம் கற்ற அந்தப் பிள்ளைகளையே அனுப்பியிருக்கிறார். "டீச்சர், நம் ஊருக்கு விசுவாசத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது சின்னப் பிள்ளைகள். நீங்கள் சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே" என்றார் ஐயா.

அந்த ஆண்டு அக்டோபரில்தான் செபமாலை மாதத்து மணி தொடங்கியது. பள்ளியின் பழைய பித்தளைக் கைமணியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு வீடாக, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். விருப்பப்பட்ட பிள்ளைகள் மட்டும், பெற்றோர் கையெழுத்தோடு.

ஒரு வீட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தெருவில் ஒரு பாட்டி. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினார்கள். பாட்டியோ, தான் சிறுமியாகக் கற்றபடி, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று உரத்த குரலில் சொன்னார். பிள்ளைகள் திகைத்து நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "பாட்டி, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றாள். பாட்டி சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள். நாக்கு புரளாமல் "பிரியதத்தம்" என்ற சொல்லை மூன்று முறை திருப்பினாள். அந்த மாதம் முடிவதற்குள் வகுப்பு முழுவதற்கும் இரண்டு செபமும் தெரிந்திருந்தது. பாட்டி இன்று நம்மோடு இல்லை. அடக்கத் திருப்பலியில் அந்தப் பிள்ளைகள் பழைய செபத்தைச் சொன்னபோது, கோயிலில் இருந்த முதியவர்கள் திரும்பிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். பாட்டிக்கும், கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்த அத்தனை வீடுகளுக்கும் என் நன்றி.

கத்தோலிக்கர் அல்லாத பெற்றோருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. எந்தப் பிள்ளையையும் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் சமயக் கல்வியில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்போம். கட்டாயப்படுத்தி வருவது விசுவாசம் ஆகாது. மறைக்கல்வி நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. அதைப் பல ஆண்டுகளாக நடத்திய மூன்றாம் வகுப்பு ஆசிரியை முருக பக்தை. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் விரதம் இருப்பவர். திருக்குறளை அவர் கதையாகச் சொல்வதைக் கேட்க என் மறைக்கல்விப் பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவருவதும் அவர்தான். "மாட்டுக்கொட்டில் எப்படி இருக்கும் என்று கடற்கரைக்காரர்களுக்கு என்ன தெரியும்" என்பார். டீச்சரம்மா, உங்களோடு வேலை பார்த்ததால்தான் என் விசுவாசத்தைப் பயமில்லாமல் வெளியில் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

தவக்காலப் பிடியரிசியைத் தொடங்கியவர் சத்துணவு சமைக்கும் அக்கா. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அண்டாவில் போடுவார்கள். கடலில் தகப்பனை இழந்த குடும்பங்களுக்கு அது போகும். ஒரு வெள்ளிக்கிழமை, அந்த அரிசி போய்ச் சேரும் வீட்டுப் பையனும் கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்து வந்தான். நான் தடுக்கப் போனேன். அக்கா கண்ணால் என்னை நிறுத்திவிட்டு, மற்றவர்களிடம் வாங்கியது போலவே வாங்கி அண்டாவில் கொட்டி, கைக்குட்டையை உதறி மடித்துக் கொடுத்தார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வகுப்புக்குப் போனான். ஆசிரியப் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. அக்கா, உங்களுக்கு என் வணக்கம்.

2024 ஜூலையில் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தபோது நம் காலைச் செபத்தின் நேரம் குழம்பியது. உணவுக்கு முன் அவரவர் முறைப்படி ஒரு நிமிடம் நன்றி சொல்லலாம் என்று வழி சொன்னவர்கள் அருட்சகோதரிகள். அவர்களுக்கும், கேட்டபோதெல்லாம் நேரம் ஒதுக்கிய பங்குத்தந்தையர்க்கும் நன்றி. கெபி, அதாவது குகை போன்ற சிற்றாலயம், இடிந்து கிடந்தபோது, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் கரையில் நின்ற விசைப்படகுத் தொழிலாளர்கள் கூலி வாங்காமல் கட்டித்தந்தார்கள். அந்தத் தொழிலாளர்களை நினைக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவோ துறவியோ அல்லாத, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். பள்ளி திறந்ததும் வகுப்பில் அவர் கதையைச் சொன்னேன். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர், குடும்பஸ்தர், விசுவாசத்துக்காக 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்றேன். ஒரு பையன் எழுந்து, "சாமியார் இல்லையா டீச்சர்? எங்கள் அப்பா மாதிரியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் அப்பா அப்போது கெபிக்கு வெளியே சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமை ஆசிரியைக்கு ஒரு வார்த்தை. கைமணி என் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது. அதன் நாக்கு சென்ற ஆண்டு கழன்றுவிட்டது. ஒரு மாணவியின் தந்தை வலைநூலால் கட்டித் தந்திருக்கிறார். ஓசை கொஞ்சம் மழுங்கலாக இருக்கும், ஆனால் தெருமுனை வரை கேட்கும். செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளே வந்து கேட்பார்கள்.

நன்றியோடும் செபத்தோடும்,
உங்கள் டீச்சர்