பம்ப்பை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு கேஜ் மாட்டிப் பாருங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பொக்லைன் பத்தி உங்க பேப்பர்ல போன வாரம் வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். பத்தாயிரம் மணி நேரம் ஓடின மெஷின்னா பம்ப் முடிஞ்சிருக்கும், செலவு வெச்சுக்கிட்டே இருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்கங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. நான் 20 டன் கிளாஸ் மெஷின்ல ரொம்ப வருஷமா உக்காந்திருக்கேன், இப்ப சொந்தமா வெச்சிருக்கறதும் 14,000 மணி நேரம் தாண்டினதுதான். செலவு வைக்கும்ங்கறது உண்மை, மறுக்கல. ஆனா அதுல பெரிய பங்கு மெஷினால வர்றதில்ல, என்ன கோளாறுன்னு அளந்து பாக்காமலே ஸ்பேனர எடுக்கறதால வருது.

எனக்கே நடந்தது. ஒரு நாள் பூம் (பெரிய கை), ஆர்ம் (முன் கை), ஸ்விங் (மேல்பாகம் சுத்தறது), டிராவல் (மெஷின் நகர்றது) எல்லாமே ஒண்ணு சேந்து ஸ்லோ ஆயிடுச்சு. வந்த மெக்கானிக் லிவர ரெண்டு தடவ ஆட்டிப் பாத்துட்டு மெயின் பம்ப் தேஞ்சு போச்சு, இறக்கணும்னார். நானும் நம்பி இறக்க விட்டேன், உள்ள இருந்த பிஸ்டன், வால்வ் பிளேட் எல்லாம் மாத்தி திரும்ப ஏத்தி ஸ்டார்ட் பண்ணா அதே ஸ்லோ, ஒரு மாற்றமும் இல்ல. அப்புறம் வந்த ஒரு வயசான மெக்கானிக் எதையும் கழட்டல, பைலட் லைன்ல, அதாவது லிவருக்குப் போற சின்ன பிரஷர் ஆயில் லைன்ல, பிரஷர் அளக்கற கேஜ் ஒண்ணு மாட்டினார், அவ்வளவுதான். 35 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்ட வேண்டிய இடத்துல 20 கூட தாண்டல. பைலட் ரிலீஃப் வால்வ (பிரஷர் அளவுக்கு மேல போகாம பாத்துக்கற வால்வ) கழட்டினா சீட்ல ஓரிங் துண்டு ஒண்ணு சிக்கிக்கிட்டு இருக்கு. நம்ம லிவர் நேரடியா மெயின் பம்ப் ஆயிலுக்கு வழி திறக்கறதில்லையே, பைலட் பிரஷர் போய் ஸ்பூல (கண்ட்ரோல் வால்வுக்குள்ள நகர்ற தண்ட) தள்ளினாதான் வழி திறக்கும், அது குறைஞ்சா ஸ்பூல் பாதிதான் நகரும், அப்ப பம்ப் புத்தம் புதுசா இருந்தாலும் மெஷின் தூங்கத்தான் செய்யும். அந்தத் துண்ட எடுக்க அரை மணி நேரம் ஆச்சு. பம்ப்புக்குக் குடுத்தத நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

அதனால மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்றது, மொதல்ல எஞ்சின் சத்தத்த கேளுங்க. லோடு குடுக்கும்போது எஞ்சின் அமுங்கி ஆர்பிஎம் இறங்குதுன்னா மொதல்ல ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டேங்க் அடில தேங்கின தண்ணி, காத்து இழுக்கற பழைய டீசல் ஹோஸ் இதெல்லாம் பாருங்க, அதெல்லாம் சரியா இருந்தா அப்புறம் பம்ப் ரெகுலேட்டர் (பம்ப் எவ்வளவு ஆயில் தள்ளணும்னு கட்டுப்படுத்தறது) பக்கம் போகலாம். எஞ்சின் கொஞ்சம் கூட அமுங்காம ஹாயா ஓடுது ஆனா பக்கெட்ல பலமே இல்லன்னா அது ஹைட்ராலிக் விஷயம், ஆயில் எங்கயோ வழி கண்டுபிடிச்சு ஓடிட்டு இருக்கும், இல்ல பைலட் பிரஷர் குறைஞ்சிருக்கும். அதுலயும் எல்லாமே ஸ்லோவா இல்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் ஸ்லோவான்னு பாக்கணும். எல்லாமேன்னா எனக்கு நடந்த மாதிரி மொதல்ல பைலட் பிரஷர அளங்க. ஒண்ணு மட்டும்னா அதோட ஸ்பூல், போர்ட் ரிலீஃப் (அந்த ஒரு லைனுக்கு மட்டும் இருக்கற ரிலீஃப் வால்வ்), சிலிண்டர் சீல் பக்கம் போங்க, மெயின் பம்ப்ப தொடவே வேண்டியதில்ல.

மெஷின் ஒரு பக்கமா இழுத்துட்டு போச்சுன்னா மொதல்ல ரெண்டு செயின் டென்ஷனும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அப்புறம் பக்கெட்ட ஊணி ஒரு பக்க செயின மட்டும் தரைய விட்டு தூக்கி, செயினோட ஒரு ஷூல (தகட்டுல) சாக்பீஸ் கோடு போட்டு மூணு சுத்துக்கு எத்தன செகண்ட்னு எண்ணுங்க, அடுத்த பக்கமும் அதே மாதிரி. வித்தியாசம் இருந்தா ரெண்டு பம்ப் டெலிவரி ஹோஸையும் ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாட்டிப் பாக்கலாம் (டேங்க் பிரஷர விட்டு, லிவர ஆட்டி லைன்ல இருக்கற பிரஷரையும் காலி பண்ணிட்டுத்தான்). இழுக்கற பக்கம் மாறிடுச்சுன்னா பம்ப் பக்கம் தப்பு, மாறாம அதே பக்கம் இழுத்தா பம்ப் நல்லாருக்கு, கண்ட்ரோல் வால்வ், சென்டர் ஜாயிண்ட் (சுத்தற மேல்பாகத்துலேர்ந்து கீழ ஆயில் போற இணைப்பு), டிராவல் மோட்டார் இதுல ஒண்ணு.

பூம் தானா இறங்குதுன்னு சொல்லி சீல் கிட் மாத்தறவங்களும் நிறைய பேர். மாத்தினப்புறமும் இறங்கும், ஏன்னா தப்பு பூம் லாக் வால்வுல (பூம் இறங்காம ஆயில பிடிச்சு வைக்கற வால்வுல) இருக்கும். பைலட் அக்குமுலேட்டர் (எஞ்சின் நின்னாலும் கொஞ்ச நேரம் பைலட் பிரஷர சேத்து வைக்கறது) இருக்கற மெஷின்ல இதுக்கு சுலபமா ஒரு வழி இருக்கு. பூம தூக்கி நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்ணிட்டு சாவிய மட்டும் ஆன்ல வச்சு, லிவர பூம் தூக்கற பக்கமா இழுங்க. முன்ன விட வேகமா இறங்கினா சிலிண்டர் சீல் போச்சு, கீழ் அறை ஆயில் சீலத் தாண்டி மேல வந்து டேங்குக்கு போகுதுன்னு அர்த்தம். வேகம் மாறலேன்னா சிலிண்டர தொடாதீங்க, வால்வ பாருங்க. பூமுக்கு கீழ ஒரு ஆள் கூட இருக்கக் கூடாது, இதுல பேச்சே கிடையாது.

காலைல சுறுசுறுப்பா வேல செஞ்சுட்டு சூடானப்புறம் சோர்ந்து போற மெஷினுக்குத்தான் நெஜமாவே உள் தேய்மானம் இருக்க வாய்ப்பு அதிகம், சூட்டுல ஆயில் தண்ணி மாதிரி ஆகி தேஞ்ச இடைவெளில ஓடிடும். அங்கயும் கேஸ் டிரெயின் லைன்ல (பம்ப், மோட்டாருக்குள்ள கசியற ஆயில் டேங்குக்குத் திரும்பற லைன்ல) எவ்வளவு ஆயில் வருதுன்னு அளந்தா எந்த பம்ப், எந்த மோட்டார்னு தெரிஞ்சுடும். ஆனா அதுக்கும் முன்னாடி ஆயில் கூலர் ஃபின்ல மண் அடைச்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, ரேடியேட்டருக்கும் கூலருக்கும் நடுவுல அடைக்கறது வெளிய தெரியாது.

இன்னொரு கெட்ட பழக்கம், பலம் கம்மியா இருக்குன்னு கேஜ் இல்லாம மெயின் ரிலீஃப் ஸ்க்ரூவ முறுக்கறது. இந்த சைஸ் மெஷின்ல சாதாரணமாவே 300-லேர்ந்து 350 கிலோ வரைக்கும் பிரஷர் ஓடும், அந்த ஸ்க்ரூல கால் சுத்துக்கே பிரஷர் எங்கயோ போயிடும், நாலு நாள் நல்லா தோண்டும், அஞ்சாவது நாள் ஹோஸ் வெடிக்கும் இல்ல பம்ப் நெஜமாவே போகும்.

தேவையில்லாம கழட்டாதீங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு காசு மட்டும் காரணம் இல்ல. கண்ணுக்குத் தெரியற ரொம்பச் சின்ன தூசியே கிட்டத்தட்ட 40 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), பம்ப்புக்குள்ளயும் ஸ்பூல்லயும் இருக்கற இடைவெளி அத விட ரொம்பக் கம்மி. சைட்ல காத்துல, அழுக்குத் துணியால தொடச்சு ஒரு தடவ பம்ப்ப திறந்தா நம்ம கண்ணுக்கே தெரியாதது உள்ள போகுது. திறந்தே ஆகணும்னா மொதல்ல மெஷின கழுவுங்க, கழட்டின ஒவ்வொரு ஹோஸ் வாயையும் உடனே அடைங்க. நெஜமாவே பம்ப் ஒடஞ்சிருந்தா லைன், டேங்க், கூலர் எல்லாத்தையும் சுத்தம் பண்ணாம புது பம்ப் போடாதீங்க, பழசோட இரும்புத்தூள் புதுச தின்னுடும். ஃபில்டர் மாத்தும்போது பழச அறுத்து மடிப்ப விரிச்சு பாருங்க, பித்தளை மினுமினுப்பு தெரிஞ்சா அதுதான் மெஷின் உங்களுக்கு முன்கூட்டியே சொல்ற சேதி. ஆயில் பால் மாதிரி இருந்தா தண்ணி, நுரை தட்டி பம்ப் அழுதா சக்ஷன் பக்கம் (பம்ப் ஆயில உறிஞ்சற பக்கம்) காத்து போகுது.

கடைசியா ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள், இடம் பத்தலன்னா மேல உள்ளத வெட்டிடுங்க, இத மட்டும் பெரிய எழுத்துல போடுங்க. ஹோஸ்ல ஊசி முனை அளவு ஓட்டைல ஆயில் அடிக்கும்போது கைய வச்சு தடவி தேடாதீங்க, அட்டையோ பலகையோ வச்சுத் தேடுங்க. அந்த பிரஷர்ல ஆயில் தோலுக்குள்ள பாயும், வெளிய ஒரு சின்ன புள்ளிதான் தெரியும், ஆரம்பத்துல வலி கூட இருக்காது, சில மணி நேரத்துல வீங்கி உள் சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். சின்னக் காயம்தானேன்னு வீட்டுக்குப் போகாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "அதிக பிரஷர்ல ஆயில் உள்ள போயிடுச்சு"ன்னு இதே வார்த்தைல டாக்டர் கிட்ட சொல்லுங்க. செயின் டென்ஷன் கிரீஸ் வால்வுக்கு நேரா மூஞ்சிய வச்சு லூஸ் பண்றவங்களுக்கும் இதேதான், ஒரு சுத்துக்கு மேல திருப்பாதீங்க, ஒதுங்கி நின்னு திருப்புங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஒரு பொக்லைன் ஆபரேட்டர்