தபாலாபீஸில் ஒரு ராத்திரி

சிங்கப்பூர்
ராத்திரி 11.30 (நம்மூரில் 9 மணி)

அன்புள்ள சேகருக்கு,

நாங்கள் நலம். உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். கட்டுப் பிரித்ததும் நீயே படிக்க வேண்டும் என்றுதான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் பேசி அனுப்பவும் மனசு வரவில்லை.

காலையில் திருச்சியில் விமானம் ஏறினோம். சிட்னி விமானம் நாளை ராத்திரிதான். "நடுவிலே ஒரு நாள் காலை நீட்டிப் படுத்து எழுந்து வாங்கப்பா, ரூம் போட்டிருக்கேன்" என்று கவிதா சொல்லியிருந்தாள். எந்த ஹோட்டல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. விமான நிலையத்தில் எழுதி வைத்திருந்ததை டாக்சிக்காரரிடம் காட்டினேன். நம் வயசுள்ள சீனர். "ஃபுல்லர்ட்டனா? பழைய ஜெனரல் போஸ்ட் ஆபீஸ்!" என்றார். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். "ஆமாம், போஸ்ட் ஆபீஸ். என் அம்மா என்னை அங்கே கூட்டிப் போவார்" என்றார்.

சேகர், முப்பத்தெட்டு வருஷம் தபாலோடு ஓடிய எனக்கு, வாழ்நாளில் தங்கிய ஒரே பெரிய ஹோட்டல் ஒரு தபாலாபீஸாக வாய்த்திருக்கிறது. வண்டி நின்றதும் சாரதா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், வரிசையாகப் பெருந்தூண்கள் வைத்துக் கட்டிய சாம்பல் நிறக் கட்டடம். 1928 ஜூன் 27-ஆம் தேதி கவர்னர் ஹியூ கிளிஃபோர்ட் திறந்து வைத்திருக்கிறார். பெயர் அதற்கு நூறு வருஷம் முன்னால் இருந்த ராபர்ட் ஃபுல்லர்ட்டனுடையது; பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து ஆண்ட முதல் கவர்னர். 1996-இல்தான் தபாலாபீஸ் இங்கிருந்து போயிருக்கிறது. 2001-இல் ஹோட்டல். 2015-இல் தேசிய நினைவுச் சின்னமாகவே அறிவித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் எந்த ஊர் எத்தனை மைல் என்பதையே இந்தத் தபாலாபீஸ் வாசலிலிருந்துதான் அளந்தார்களாம்.

அறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் தங்கச்சி கோபித்துக்கொள்ளும். கதவைத் திறந்ததும் குளிர்ச்சியும் ஒரு மெல்லிய பூவாசனையும். கட்டிலில் உட்கார்ந்தால் உடம்பு அப்படியே அமிழ்கிறது. குளியலறை நம் நாகப்பட்டினம் வீட்டு முற்றம் அளவு இருக்கும். பளிங்குத் தொட்டியில் வெந்நீர் நிரப்பி முக்கால் மணி நேரம் கிடந்தேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. சாரதா நீச்சல் குளத்துப் பக்கம் போய்ப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் காலை நனைத்தபடி, கீழே ஆற்றில் போகிற படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு காட்சிக்கே கவிதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ரயிலின் மெயில் வேனில் ராத்திரி முழுக்க நின்றபடியே கடிதம் பிரித்துவிட்டு, போய்ச் சேர்ந்த ஊர் ரெஸ்ட் ஹவுஸில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவோமே. அந்தத் தூக்கம் நல்ல தூக்கம். இந்த மெத்தையும் அதற்குக் குறைந்ததில்லை என்று நாளைக் காலையில் எழுதுவேன் என நினைக்கிறேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

கீழே இந்தக் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்ல ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள். பழைய படங்கள், ஸ்டாம்புகள், சிவப்புத் தபால் பெட்டிகள். யுத்தத்தின்போது, 1942 பிப்ரவரியில், மேல் மாடிகள் காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்திருக்கின்றன. இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு விவரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். இந்தக் கட்டடத்திலிருந்து ரோட்டுக்கு அடியில் படகுத்துறைக்கு ஒரு சுரங்கப் பாதை இருந்திருக்கிறது. வெளிநாட்டுத் தபால் பைகள் அதன் வழியாகத்தான் படகுக்குப் போகும், படகிலிருந்து கப்பலுக்கு.

ராஜுலா கப்பலுக்கும் பை அப்படித்தானே போயிருக்கும்?

சின்ன வயசில் நாம் கடற்கரையில் நின்று பார்ப்போமே, ராஜுலா தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் மூட்டையும் படகில் போய்வரும். சென்னையில் கிளம்பி நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர். உன் அப்பா 1961-இல் அதில்தான் ஏறினார். எனக்கு அப்போது ஐந்து வயசு. உன் அம்மா அழுததும், நமக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்ததும் மட்டும் ஞாபகம்.

இந்தக் கட்டடத்தின் உச்சியில் 1958-இல் ஒரு கலங்கரை விளக்கு வைத்திருக்கிறார்கள். உன் அப்பா கப்பலில் வந்தபோது இங்கே அது எரிந்துகொண்டிருந்தது. ஊரை விட்டு வந்தவர் சிங்கப்பூரில் முதலில் பார்த்த வெளிச்சங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். இப்போது அந்த விளக்கு அங்கே இல்லை, இடம் மாற்றிவிட்டார்கள்.

கண் செருகுகிறது. மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

காலை 9 மணி

ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. சாரதாவை எழுப்பாமல் இறங்கிவிட்டேன். உன் அப்பா வேலை பார்த்தது மார்க்கெட் ஸ்திரீட்டில், செட்டியார்கள் வட்டிக்கடையும் தங்குமிடமுமாக வைத்திருந்த கிட்டங்கியில், சமையல் கட்டில். கடிதத்தின் பின்பக்கம் அந்த விலாசத்தை எழுதியிருப்பார், நாம் எழுத்துக் கூட்டிப் படிப்போம். ஹோட்டல் வாசலில் நின்ற காவலரிடம் வழி கேட்டேன். நடந்தால் பத்து நிமிஷம்கூட இல்லை, சேகர்.

கிட்டங்கி ஒன்றுகூட இல்லை. எழுபதுகளின் கடைசியில் இடித்துவிட்டார்களாம். வரிசையாகப் பெட்டியும் மேஜையும் போட்டுக் கணக்கெழுதிய தெருவில் இப்போது நடுவயிற்றில் தோட்டம் வளர்க்கிற 51 மாடிக் கட்டடம் நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் காபியோடு பிள்ளைகள் வேலைக்கு ஓடுகிறார்கள். சீனம், மலாய், ஆங்கிலம், நடுவில் இரண்டு பையன்கள் நல்ல தஞ்சாவூர்த் தமிழில் கிரிக்கெட் பேசிக்கொண்டு போனார்கள். சமையல்காரர் பாத்திரம் கழுவிவிட்டு மத்தியானம் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் கடிதத்தை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கமாக நடந்திருப்பார் என்று யோசித்தபடி அதே வழியில் திரும்பினேன். வெயிலுக்குக் கடைகளின் முன்னால் இருக்கும் தாழ்வார நடைபாதையில் ஒதுங்கித்தான் போயிருப்பார். கடைசியில் இந்தத் தூண்கள் தெரியும். உள்ளே நீளமான கவுண்டர். ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டதும் ஒரு நிமிஷம் நின்றிருப்பார். நம் கவுண்டரில் எத்தனை பேர் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறோம்!

அந்தக் கடிதங்களில் மீன் படம் போட்ட ஸ்டாம்பு வரும். நீயும் நானும் இட்லிப் பானை ஆவியில் காட்டி உரித்து எடுப்போம். அவர் எழுதியதைவிட அந்த மீன் மேல்தான் நமக்குக் கண். இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்த ஸ்டாம்பெல்லாம் இந்தச் சுவர்களுக்குள் முத்திரை வாங்கிய ஸ்டாம்பு. நான் ராத்திரி தூங்கியதும் இந்தச் சுவர்களுக்குள்தான்.

திரும்பி வரும்போது ஹோட்டலுக்குப் பக்கத்தில் கேவனா பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 1869-இல் கட்டிய இரும்புத் தொங்கு பாலம். மாடும் குதிரையும் போகக்கூடாது என்று பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. இந்த ஊரில் எவ்வளவோ இடித்துவிட்டார்கள், ஆனால் வைத்துக்கொள்ள முடிவு செய்ததைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். கிட்டங்கியில் ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. சோறு பொங்கிப் போட்டவர்களும் கணக்கெழுதியவர்களும் இருந்த இடம் அல்லவா. தபாலாபீஸை விட்டு வைத்தார்களே, அதற்குக் கை கூப்புகிறேன். நம் நாட்டில் பதிவுத் தபாலையே 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்தபோது நாம் இரண்டு பேரும் போனில் எவ்வளவு நேரம் பேசினோம். காலம் மாறுகிறது, சரிதான். கட்டடத்தையாவது காப்பாற்றினால், என்றைக்காவது ஒருத்தன் வந்து நின்று தன் ஆட்களைத் தேடிப் பார்க்கலாம்.

காலைச் சாப்பாடு ஏக அமர்க்களம். நம்மூர்ச் சாம்பாரிலிருந்து சீனக் கஞ்சி வரைக்கும் இருந்தது. நான் தேங்காய்ப் பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோற்றையும் நெத்திலி வறுவலையும் எடுத்துக்கொண்டேன். நாகப்பட்டினத்துக்காரனுக்கு அது போதும். சாரதாவுக்கு மத்தியானம் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டும். 1827-இலிருந்து இருக்கிற கோவில். உன் அப்பா விபூதிப் பொட்டலம் அனுப்புவாரே, அங்கிருந்துதானா என்று அத்தையிடம் கேட்டுச் சொல். நானும் உன் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்கிறேன், நட்சத்திரம் அனுஷம்தானே?

இந்தக் கடிதத்தைக் கீழே வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் கொடுக்கப் போகிறேன். மிஷின் முத்திரை வேண்டாம்மா, ஸ்டாம்பு ஒட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று நேற்றே கேட்டுக்கொண்டேன். நான் யார், எங்கே வேலை பார்த்தேன் என்று சொன்னதும் எழுந்து நின்று கை கொடுத்தாள்.

முத்திரைத் தேதியையும் உன் கைக்கு வந்த தேதியையும் பார்த்து எத்தனை நாள் ஆனது என்று எழுது. ஸ்டாம்பைக் கிழித்துவிடாதே. இட்லிப் பானை ஆவியில் காட்டி எடுத்து வை.

அன்புடன்,
ராமு

விலாசத்தில் பின்கோடு 611001 பெரிதாக எழுதியிருக்கிறேன். பிரிக்கிறவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது.