விலைய விடுங்க, எந்த வீட்டுல கிடைச்சதுன்னு போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஈராக்குக்கு பழைய களிமண் பலகைங்கள திருப்பிக் குடுத்தாங்கன்னு செய்தி வரும்போதெல்லாம் எத்தனை டாலர், எத்தனை ஆயிரம் வருஷம் பழசுன்னு மட்டும்தான் பெருசா போடுறாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி கூட இருக்கறதில்ல, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு, அதான் எழுதுறேன்.

துருக்கியில கூல்தெப்பேன்னு ஒரு இடம், பழைய பேரு கனேஷ். சுமார் 3,900 வருஷம் முன்னாடி, இன்னிக்கு ஈராக்குல இருக்கற அசூர் நகரத்து வியாபாரிங்க கழுதை மேல துணியும் வெள்ளீயமும் ஏத்திக்கிட்டு கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் தாண்டி அங்க வந்து தொழில் பண்ணாங்க. 20,000க்கு மேல ஆப்பெழுத்து (ஈர மண்ணுல குச்சியால ஆப்பு வடிவத்துல அழுத்தி எழுதற பழைய எழுத்து) பலகை அங்க கிடைச்சிருக்கு, நிறைய உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். கடன் பத்திரம்னா பலகைய எழுதி, அதுக்கு மேல மெல்லிசா இன்னொரு களிமண் உறை போட்டு, உறை மேலயும் சங்கதிய எழுதி, கடன் வாங்கினவரும் சாட்சிங்களும் அவங்கவங்க முத்திரைய உருட்டுவாங்க. விரல் தடிமன்ல ஒரு சின்ன கல் உருளை அது, ஈர மண்ணுல ஒரு சுத்து சுத்தினா சாமி, மனுஷன், மிருகம்னு வரிசையா பதியும். கடன் அடைஞ்சா பலகைய உடைச்சிடுவாங்க, அவங்க பேச்சுல அதுக்கு "பலகைய கொல்றது"ன்னே பேரு. அப்போ இன்னிக்கு உறை பிரியாம முழுசா கிடைக்கற பத்திரம்னா அந்த கடன் அடையாமலே போயிருக்க வாய்ப்பு அதிகம்!

லமாசின்னு ஒரு அம்மா, அசூர்ல துணி நெய்து கனேஷ்ல இருக்கற புருஷன் பூசுகேனுக்கு அனுப்புவாங்க. ஒரு லெட்டர்ல, கேட்ட துணி வரலைன்னு கோச்சுக்காதீங்க, பொண்ணு வளந்துட்டா, வீட்டுல இருக்கறவங்களுக்கும் புள்ளைங்களுக்கும் நெய்ய வேண்டியதா போச்சுங்கற மாதிரி எழுதியிருக்காங்க. ஆனா இந்த குடும்பத்து லெட்டருங்க பல நாட்டு மியூசியத்துல சிதறிக் கிடக்கு, ஏன்னா முறையான அகழாய்வுக்கு முன்னாடியே தோண்டி வித்துட்டாங்க, ஆராய்ச்சி பண்றவங்க லெட்டர்ல இருக்கற பேர வச்சு ஒண்ணொண்ணா கோக்க வேண்டியிருக்கு. 1948ல இருந்து துருக்கி ஆய்வாளருங்க எடுத்ததுல எந்த பலகைக் கட்டு எந்த வீட்டுல, எந்த ரூம்ல இருந்துச்சுன்னு குறிப்பு இருக்கு.

இதவிட கொடுமை இரிசக்ரிக்ங்கற ஊரோட கதை. 2018ல அமெரிக்கா ஈராக்குக்கு திருப்பிக் குடுத்த சுமார் 3,800 பொருள்ல பல பலகைங்க அந்த சுமேரிய (பழைய தெற்கு ஈராக்) ஊரோடது. டைல்ஸ் சாம்பிள்னு பொய் லேபிள் ஒட்டி பார்சல்ல கடத்துனது. எல்லாம் திருடிட்டு வந்ததால அந்த ஊர் எங்க இருந்துச்சுன்னே அறிஞருங்க வாதாட வேண்டியதாயிடுச்சு. ஊரோட கணக்கு வழக்கு கையில இருக்கு, ஊர காணோம்.

அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி போட்டா பலகையில இருக்கற ரெண்டு வரிய தமிழ்ல போடுங்க, எங்க தோண்டி எடுத்ததுன்னு போடுங்க, அது தெரியலன்னா தெரியலன்னே தலைப்புல போடுங்க. உறை இருந்தா முத்திரை பதிஞ்ச பக்கத்தோட போட்டோவும் வேணும்.

இப்படிக்கு,
உங்க பல வருஷ வாசகர்